மேல் பிளக்

கியர் பெட்டிக்கு ஆயில் மாற்றுகிறவன் முதலில் மேல் பிளக்கைத்தான் கழற்றிப் பார்க்கவேண்டும். புது ஆயில் ஊற்ற இருக்கிற ஒரே வழி அது. அது கழன்று வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அடிப் பிளக்கைத் திறந்து பழைய ஆயிலை இறக்கவேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே இருந்ததும் போய், ஊற்றவும் வழியில்லாமல் வண்டி நட்டாற்றில் நிற்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம். முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிற மச்சானுக்கு மட்டும் மண்டையில் ஏறவே இல்லை.

மனைவியின் அண்ணனான அந்த மச்சான் போன் செய்தபோது மொட்டை சாப்பிட உட்கார்ந்திருந்தான். மொட்டை என்பது பட்டப்பெயர். தலையில் சீப்பு நுழையாத அளவுக்கு முடி உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனும் மச்சானுடைய ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை பார்த்தான். மச்சான் ஒரு டாக்சியின் ஆயிலை அவசரத்தில் இறக்கிவிட்டு, மேல் பிளக்கைக் குழாய் ரெஞ்சால் திருகித் திருகி, மூலையெல்லாம் மழுங்கி மொட்டையாகும்வரை விடவில்லை. பிளக் அசையவே இல்லை. வெளியே சொல்ல வெட்கம். வேலை முடிந்தது என்று வண்டியை அப்படியே கொடுத்தனுப்பினார். ஊர் தாண்டுவதற்குள் கியர் பெட்டி தீய்ந்தது. டாக்சிக்காரர் திரும்பி வந்து சட்டையைப் பிடித்தபோது, மச்சான் தங்கை புருஷனைக் கைகாட்டிவிட்டார். பிளக்கை மொட்டையாக்கியது இவன்தானாம்.

அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. மனைவி இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதம். கூடப்பிறந்த அண்ணனைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? வேலையை விட்டு வெளியே வந்தான். பெயர் மட்டும் பின்னாலேயே வந்தது. உதிரி பாகக் கடையில்கூட, "வா மொட்டை, இன்னைக்கு எதைக் கெடுத்தே?" என்றுதான் கேட்பார்கள்.

இப்போது போனில் மச்சானின் குரல் தேனாக வழிந்தது. டாக்டரம்மாவின் வண்டியாம். நாலு மணிக்கு எடுக்க வந்துவிடுவாராம். மேல் பிளக் வரமாட்டேன் என்கிறதாம்.

"ஆயில இறக்கிட்டீங்களா மச்சான்?"

மச்சான் இருமிவிட்டு, பிளக்கின் அளவை மட்டும் சொன்னார். அந்த இருமல் குழம்பைவிட ருசியாக இருந்தது. மொட்டை இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். கிளம்பும்போது, எங்கே போகிறான், வழியில் என்ன வாங்கப் போகிறான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான். கடையில் அந்த அளவில் ஒரே ஒரு பிளக்தான் இருந்தது. அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஒர்க்‌ஷாப்பில், டாக்சிக்காரர் வந்த அன்றைக்கு இருந்த பழைய ஆட்கள் மூன்று பேரும் இருந்தார்கள். வண்டி லிப்ட்மேல் அந்தரத்தில் நின்றது. பிளக் தேய்ந்த கூழாங்கல் மாதிரி பளபளத்தது. மொட்டை பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னான். பிளக்கைச் சுற்றி இருந்த ஆயில் பிசுக்கைத் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளேயே வெல்டிங் அடித்தான். சூடு தணியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். மொட்டை மச்சானைப் பார்த்தான்.

பிறகு நட்டில் ஸ்பேனரை மாட்டி, முதலில் ஒரு நூல் இறுக்கி, அப்புறம் எதிர்ப்பக்கம் திருப்பினான். டக்கென்று ஒரு சத்தம். பிளக் சுழன்று வெளியே வந்தது.

அதை ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"புதுசு இருந்தா குடு மாப்பிள்ளை. ஆயில ஊத்தி மூடிடலாம்."

"ஆயில ஊத்துங்க. மூடுறது அப்புறம்."

"மூடாம எப்படி வண்டியக் குடுக்கிறது?"

"ஏன், முன்ன ஆயிலே இல்லாமக் குடுத்தீங்களே."

மூன்று பேரில் ஒருவன் சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். மச்சான் ஆளை அனுப்பினார். கடையில் பிளக் தீர்ந்துவிட்டது என்று அவன் வெறுங்கையோடு வந்தான். மணி மூன்றரை.

"உங்க தங்கச்சிக்குப் போன் போடுங்க," என்றான் மொட்டை. "ஸ்பீக்கர்ல போடுங்க. டாக்சி பிளக்கை மொட்டையாக்கினது யாருன்னு சொல்லுங்க. அன்னைக்குக் கேட்டவங்க இன்னைக்கும் கேக்கட்டும்."

மச்சான் குடும்பம் என்றார், பழைய கதை என்றார். கடைசியில் குரலை உயர்த்தினார். "உனக்கு என் தங்கச்சியக் குடுத்தவன்டா நான்."

"கூடவே ஒரு பேரும் குடுத்தீங்க."

மணி மூன்றே முக்காலுக்கு மச்சான் போனை எடுத்தார். "பாப்பா... அந்த டாக்சி... அது நான்தாம்மா பண்ணேன். மாப்பிள்ளை இல்ல."

"தெரியும்ணே," என்றாள் அவள். "குழாயில தண்ணி வருதான்னு பாக்காம பக்கெட் தண்ணியக்கூடக் கொட்டாத மனுசன் இவரு. ஆறு வருசமா நான் உன் வாசல் மிதிக்கல. ஏன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

பிள்ளைகளின் பள்ளிக்கூடம் காரணம் என்று நினைத்ததாக மச்சான் முனகினார். மொட்டையும் அப்படித்தான் நினைத்திருந்தான். அவனிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை.

"புதுசைக் குடுத்துட்டுப் பழசை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா வண்டியை நேரத்துக்கு எடுத்துப் போனார். தலையில் நட்டு ஒட்டிய அந்தப் பழைய பிளக்கை மொட்டையின் மனைவி வீட்டில் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அண்ணன் என்றைக்காவது வந்தால் உட்காருகிற நாற்காலி ஒன்று கூடத்தில் உண்டு. அதற்கு நேர் எதிரே, கண்ணில் படுகிற உயரத்தில், அதை வைத்தாள்.