யார் யாரை அடித்தது

கல்யாணமாகித் தக்கலைக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே ரெஜிஷாவின் போனை ஆன்ட்ரூஸ் வாங்கிப் பார்ப்பான். அவள் யாரிடம் பேசினாலும் பக்கத்தில் நிற்பான். அண்ணன் சிஜோ சொந்த ஊரான இனயத்திலிருந்து அனுப்பும் மெசேஜ்கள் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"இது என்ன எழவுட்டி?"

"கிளிங்கான். டிவி தொடர்ல வேற்றுக்கிரகத்துக்காரங்க பேசுத பாஷை. அண்ணனுக்கு அதில கிறுக்கு."

"ஒங்க குடும்பமே கிறுக்காக்கும்."

சிஜோ விளையாட்டாக அவளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தான். வார்த்தைகள் வந்தன, இலக்கணம் வரவில்லை. அந்த மொழியில் செய்தவன் வாக்கியத்தின் கடைசியில் வருவான், பட்டவன் முதலில். யார் யாருக்குச் செய்தார் என்பதை வினைக்கு முன்னால் ஓர் அசை சொல்லிவிடும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆன்ட்ரூஸ் அடித்து உதடு கிழிந்த அன்று குளிமுறிக்குள் தாழிட்டு நின்று அவசரமாக எழுதினாள். தமிழ்ப் பழக்கத்தில் கணவனை முதலில் வைத்தாள், வாயில் வந்த அசையைப் போட்டாள். 'லோட்னல்வி விகிப்.'

சிஜோ அதே மொழியில் பதில் அனுப்பினான். பிழையே இல்லை, உன் கணவன் பாவம் என்று. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

திரும்ப வாசித்தபோதுதான் புரிந்தது. என் கணவனை நான் அடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். திருத்துவதற்குள் கதவு தட்டப்பட்டது. ஆன்ட்ரூஸ் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

அதன்பின் தேங்காய் துருவும்போதும் துணி அலசும்போதும் அவள் மனதுக்குள் இலக்கணம் படித்தாள். மு என்றால் அவன் என்னை. வி என்றால் நான் அவனை. அந்த நாட்களில் ஒருமுறை இடது காதோடு சேர்த்து அடி விழுந்தது. காதில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவன் சம்மதிக்கவில்லை.

அம்மா ரீத்தா மகள் ஏன் பேசுவதில்லை என்று ஆன்ட்ரூஸின் கடைக்கே போன் போட ஆரம்பித்ததும் போன் திரும்பி வந்தது. 'முகிப் லோட்னல்வி.' அனுப்புமுன் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள்.

மதியத்துக்குள் சிஜோ பைக்கில் வந்துவிட்டான். ஆன்ட்ரூஸ் கடைக்குப் போயிருந்தான், கதவு வெளியே பூட்டியிருந்தது. கல்லால் பூட்டை உடைத்து உள்ளே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அப்போ அன்னைக்கு எழுதினது?"

"தப்பாட்டு எழுதிட்டேன் அண்ணா."

"நான் சிரிச்சேனேட்டி."

அவள் துணிகளைப் பையில் அடைத்தாள்.

செவிப்பறை கிழிந்து உள்காதுவரை சீழ் பிடித்திருக்கிறது, உடனே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். அந்தக் காதில் கேட்கும் திறன் இனி திரும்பாது என்றும் சொன்னார். சிஜோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெஜிஷா எழுந்து, வலது காது அவன் பக்கம் வரும்படி, அவனுக்கு இடப்புறமாக மாறி உட்கார்ந்தாள்.

"இனி இந்தப் பக்கம் நின்னு பேசு," என்றாள்.