இடப்பக்கத்து ரத்தம்

சட்டை வெள்ளை வெளேரென்று ஹோட்டல் அறைக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தின் உடைகளுக்குப் பொறுப்பான காஸ்டியூமர் அதைக் கையிலெடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

நேற்றுவரை அதில் ரத்தக்கறை இருந்தது. ஊரில் எடுத்த காட்சியில் கத்திக்குத்து வாங்கிய ஹீரோ, அதே சட்டையோடு இந்த வெளிநாட்டுத் தெருவில் ஓடிவர வேண்டும். அது சினிமா ரத்தம் என்று தெரியாமல், அறையைச் சுத்தம் செய்யும் அம்மாள் துவைத்து, இஸ்திரியும் போட்டு மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நல்லது செய்தவளை எந்த வாயால் திட்டுவது?

திட்ட நேரமும் இல்லை. கடைகள் திறக்கும்வரைதான் தெருவில் படமெடுக்க அனுமதி. டைரக்டர் வேறு யாருமில்லை, காஸ்டியூமர் மனைவியின் தம்பி. முதல் படம். இன்று இந்த ஓட்டத்தை எடுக்காவிட்டால் வேறு டைரக்டரை வைத்து முடித்துக்கொள்வேன் என்று தயாரிப்பாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

காஸ்டியூமர் சாயத்தைக் குழைத்தார். ஞாபகத்தை நம்பாதே, போட்டோவை நம்பு என்பது அவர் தொழில் பாடம். போனில் இருந்த ஹீரோவின் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கறையை இழுத்தார். மெல்லிய துணி, சாயம் மறுபக்கமும் ஊறிவிட்டது. ஹேர் டிரையரால் அவசரமாகக் காயவைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

சட்டையைப் போட்ட ஹீரோ, உள்ளே பிசுபிசுவென்று ஒட்டுகிறதே என்று முகம் சுளித்தபடி இடது கையில் வாட்ச்சைக் கட்டினார். காஸ்டியூமர் கடைசியாக ஒருமுறை போனைப் பார்த்தார். படத்தில் வாட்ச் வலது கையில் இருந்தது.

அவருக்கு உயிரே போய்விட்டது. ஊரில் குத்துக் காட்சி எடுத்த அன்று, மேக்கப் அறையில் ஹீரோவைத் திரும்பச் சொல்லப் பயந்து, பின்னால் நின்றபடியே கண்ணாடிக்குள் தெரிந்த உருவத்தைப் படம் எடுத்திருந்தார். வாயை மூடிக்கொண்டால் இன்றைய பொழுது ஓடிவிடும். எடிட்டிங்கில் மச்சினன் மானம் கப்பலேறும்.

"மாப்ள, கறை பக்கம் மாறிப்போச்சு. குத்து வாங்கினது இடப்பக்கம். நான் கண்ணாடியில எடுத்த போட்டோவைப் பாத்து வலப்பக்கம் போட்டுட்டேன்."

டைரக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இப்ப வந்து சொல்றீங்களே, மாமா" என்றார். எதிரே முதல் கடையின் ஷட்டர் பாதி ஏறியது.

காஸ்டியூமர் பிசுபிசுத்த அந்தச் சட்டையைப் பார்த்தார். உள்பக்கம் ஊறிய சாயம். விறுவிறுவென்று போய் ஹீரோவின் பட்டன்களைக் கழற்ற ஆரம்பித்தார். கையை நீட்டச் சொல்லிச் சட்டையை உருவி, உள்வெளியாகப் புரட்டி மாட்டினார். கறை இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது.

தையல் தெரியுமே என்று டைரக்டர் தயங்கினார்.

"ஓடுற ஓட்டத்துல தையலை யார் பாக்கப்போறா? கேமராவைத் தள்ளி வை, மாப்ள."

ஹீரோ ஓடினார். கட் சொன்னபோது போலீஸ்காரர் தெருவை மறித்திருந்த தடுப்பை நகர்த்திக்கொண்டிருந்தார். மானிட்டரில் ரத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஷாட் முடிந்துவிட்டது என்று அக்காவுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள் என்றார் டைரக்டர்.

மூச்சு வாங்கியபடி ஹீரோ விரலால் கூப்பிட்டார். நடுத்தெருவில் சட்டையை உருவியதற்கு இன்று வேலை காலி என்று நினைத்துக்கொண்டே காஸ்டியூமர் போனார்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திரும்பியிருப்பேனே" என்றார் ஹீரோ.

காஸ்டியூமருக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைய காட்சிக்கும் இதே சட்டைதான். போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, சார்."

ஹீரோ திரும்பினார்.