அருளம்மாளுக்கு முழம் பூ

ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் லூர்துநாதனைப் போல அன்பான புருஷன் வேறு யாரும் கிடையாது. என்ன, அந்த அன்பை வாங்கிக்கொள்ள அவர் பெண்டாட்டி செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூத்த தாரம் சவேரியம்மாள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மனுஷர் கரிப்புகையில் ஓடும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய், கூடை நிறையக் கதம்பம் வாங்கி வருவார். கல்லறைக்கு வெள்ளையடிப்பார், மெழுகுதிரி கொளுத்துவார், மூக்கைச் சிந்துவார். ஊரே உச்சுக் கொட்டும். அக்கா இடத்துக்கு வாக்கப்பட்டு வந்த தங்கச்சி அருளம்மாள்தான் அந்தக் கூடையைத் தலையில் சுமந்து வருவாள். அந்தத் தலையில் ஒரு முழம் வைக்க அவருக்குத் தோன்றியதே இல்லை. கேட்டாலோ, குடும்பப் பொம்பளைக்கு எதற்கு மினுக்கு என்பார்.

அருளம்மாளுக்குப் பூவா பெரிசு? உடம்பில் உயிர் இருக்கும்போதே அந்த ஆள் தன்னையும் ஒரு மனுஷியாக நினைக்க வேண்டும், அதுதான் ஏக்கம். புதுக்கோட்டை ராசாவே சமஸ்தானத்தை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த வருஷம் அது. அருளம்மாள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கூடையை அவர் தலையிலேயே கட்டிவிட்டு, முன்னாடி போய், அக்கா கல்லறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

வந்து பார்த்த லூர்துநாதனுக்குத் திக்கென்றது. எழுந்திரு, ஊர் சிரிக்கிறது என்று பல்லைக் கடித்தார். சனம் கூடிவிட்டது. பங்குச் சாமியார் வேறு கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அடுத்த வரிசைக்கு வந்துவிட்டார்.

"எனக்கு ஒதுக்குன எடந்தான இது? செத்தாத்தான் பூவுன்னா, இந்தா செத்துட்டேன். வைங்க," என்றாள், கண்ணை மூடியபடியே.

திட்டப்போகிறார், ஏன், அடிக்கக்கூடச் செய்வார் என்று காத்திருந்தாள். கண்ணைத் திறந்தால், மனுஷர் மண்ணில் மண்டி போட்டிருக்கிறார். கதம்பத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் தலையைத் திருதிருவென்று பார்க்கிறார். காதில் சொருகினார், நிற்கவில்லை. நெற்றியில் போட்டார், வழுக்கி விழுந்தது.

"எப்படி வைக்கிறதுன்னு தெரியல புள்ள," என்றார். குரல் உடைந்துவிட்டது. "ஒங்க அக்காளுக்கும் நான் வச்சதில்ல."

அருளம்மாள் எழுந்து உட்கார்ந்து, சாமியாரும் ஊரும் பார்க்க, அவருக்கு முதுகைக் காட்டித் தலையைக் குனிந்தாள்.

"கொண்டைக்குக் கீழ. ஊசி இந்தாங்க," என்றாள். "குத்திராம வைங்க. உசுரோட இருக்குற தலை."