அரிசி வயிறு

"சும்மா கிடக்கிற வயிறுதானே? வீட்டுக்கு ஒரு உபகாரமா இருக்கட்டுமன்" என்றாள் பாக்கியரத்தினம்.

குசினிக்குள் அப்போது மூன்று பேர். சொன்னவள் மாமி. மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தவள் மருமகள் கமலாதேவி. மூன்றாவது ஆள் கமலாதேவியின் புருஷன் இரத்தினசிங்கம், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் உணவுப் பகுதிக் கிளாக்கர். அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்போலக் குனிந்துகொண்டார். சீனியே இல்லாத தேத்தண்ணிக்குள் தேடுவதற்கு என்ன கிடக்கிறது?

கமலாதேவியின் கத்தி சற்று நின்றது. பிறகு உரித்தது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வயிற்றைப்பற்றி எவ்வளவோ கேட்டுவிட்டாள். முதலில் அழுதாள். பிறகு விரதம் பிடித்தாள். சல்லி அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். இப்போது ஒன்றும் செய்வதில்லை. விறைத்துப்போன காலில் முள் ஏறினால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். இரத்தினசிங்கத்தின் தங்கை குணேஸ்வரிக்கு வருகிற மாதம் கலியாணம். சீதனப் பேச்செல்லாம் முடிந்தபிறகு மாப்பிள்ளை பகுதியார் கடைசியாக ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "எங்கட ஆக்களுக்கு மரவள்ளியையும் பாணையும் போட்டு அனுப்பிப்போடாதேங்கோ. சம்பாச் சோறு இல்லாத பந்தியில எங்கட சனம் இராது."

அது எழுபத்துநாலாம் ஆண்டு. தேயிலை விற்ற காசில் அரிசியும் மாவும் வாங்கித் தின்று பழகிய நாடு, தேயிலை விலை விழுந்து எண்ணெய் விலையும் அரிசி விலையும் ஏறியதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சங்கக்கடையில் கூப்பன் அரிசி குறைந்தது. சீனியைக் கண்ணாற் காண்பதே அரிதாயிற்று. விடியமுன்னமே பேக்கரி வாசலில் பாண் வரிசை. அரசாங்கம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. நெல்லைத் தானே வாங்கும். மற்ற எவரும் ஆளுக்கு இரண்டு கொத்து அரிசிக்கு மேல் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கத்தில் நெல் விளைந்து கிடந்தது. இப்பால் திருகோணமலைப் பட்டினம் மரவள்ளி தின்றது. நடுவில் கடலும், கடல் முடிகிற ஜெட்டித் துறையில் பொலிசும்.

கமலாதேவி பிறந்த ஊர் மூதூருக்கு அடுத்த கட்டைபறிச்சான். தகப்பனுக்கு வயல் உண்டு. அரிசிக்குப் பஞ்சமில்லை. கொண்டுவருவதுதான் பாடு. அதற்குத்தான் மாமி வழி சொல்லியிருக்கிறாள்: அரிசியை வயிற்றில் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாச்சியாக லோஞ்சிப் படகில் வரவேண்டும். குணேஸ்வரி குமர்ப்பிள்ளை, அவள் வயிற்றோடு ஜெட்டியில் இறங்கினால் அரிசி வரும், கலியாணம் போய்விடும். மாமி தாலியறுத்தவள். ஆகவே வீட்டில் தோதான வயிறு ஒன்றே ஒன்றுதான்.

இரத்தினசிங்கம் கோப்பையை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஜெட்டியில இப்ப கடுமையாச் செக் பண்ணுறாங்கள், அம்மா" என்றார். கமலாதேவி நிமிர்ந்து பார்த்தாள். மனுசன் மறிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தாள். "ஆனா பிள்ளைத்தாச்சியளைத் தொடமாட்டினம். அது எனக்கு நல்லாத் தெரியும்."

இவர்தான் போன மாதம் சனசமூக நிலையத்தில் நாட்டின் நெருக்கடியைப்பற்றி ஒரு மணித்தியாலம் பேசிக் கைதட்டல் வாங்கியவர். உழைக்கிறதைவிடக் கூடச் செலவழிக்கிறோம். கமக்காரனுக்கு நியாயமான விலையைக் கொடுத்து வழியைத் திறந்துவிட்டால் நெல் தானாக வரும். சீதனத்தையும் ஊர்ப்பந்தியையும் ஒழித்தால் பாதிக் கஷ்டம் தீரும் என்றெல்லாம் விளக்கினார். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஊருக்கடி உபதேசம் உனக்கல்லடி என்று யாரும் எழுந்து கேட்கவும் இல்லை.

கமலாதேவி "ஓம்" என்றாள். ஓம் என்றதற்குக் காரணம் இருந்தது. வேலிக்கரையில் நின்று மாமி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். "குணேஸ்வரியின்ர கலியாணம் முடியட்டும். அவளைத் தாய் வீட்டில கொண்டுபோய் விட்டிட்டு, மகனுக்கு வேற இடம் பாக்கத்தான் வேணும்." பிறந்த வீட்டில் தம்பிமாரின் மனைவிமாருக்கு மிச்சச்சோறு தின்னும் ஆளாகப் போய் இருப்பதை நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த உபகாரத்தைச் செய்தால் ஒருவேளை வைத்திருப்பார்கள்.

கட்டைபறிச்சானில் தாய்தான் கட்டிவிட்டாள். பழைய சீலையைப் பை மாதிரித் தைத்து, அரிசியைக் கொட்டி, முதுகுப் பக்கமாக இழுத்து முடிந்தாள். முடியும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"உன்ர வயிறு எழும்பிறதைப் பாக்கவேணுமெண்டு எத்தினை கோயில் ஏறினனான். இப்பிடியோ பாக்கவேணும்? உன்ர மனுசனுக்கு ரோசம் எண்டது ஒண்டும் இல்லையோ?"

"விடுங்கோ அம்மா. லோஞ்சி போயிடும்."

"இறுக்குதோ?"

"இல்லை."

உண்மையில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே தகப்பன் வண்டியைப் பூட்டிக்கொண்டு நின்றார். மகளின் வயிற்றைப் பார்க்காமல் மாட்டையே பார்த்துக்கொண்டு மூதூர்வரைக்கும் ஓட்டினார்.

கிழமைக்கு ஒரு பயணம். அடுத்த முறைகளில் போகும்போது வயிற்றில் பழந்துணி, வரும்போது அரிசி. ஒவ்வொரு முறையும் பை கொஞ்சம் பெருத்தது. பிள்ளையென்றால் வளரத்தானே வேண்டும்! கலியாண மாதத்துக்குள் அவள் மூன்றாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்துக்கு வந்துவிட்டாள். லோஞ்சிக்காரரும் ஜெட்டிப் பொலிசும் ஆம்பிளைகள், அவர்கள் மாதம் எண்ணவில்லை. ஏறும்போது கைகொடுத்தார்கள், எழும்பி இடம் விட்டார்கள். சாமத்தியச் சடங்கானாலும் புதுவீட்டுப் பால்காய்ச்சலானாலும் பின்வளவில் தேங்காய் திருவ அனுப்பப்பட்டவளுக்கு, சனம் ஒதுங்கி வழிவிடுவது புதினமாக இருந்தது. சந்தோஷம் வருகிறதா என்று அவள் பார்த்தாள். வரவில்லை.

கடைசிப் பயணத்தில் மூதூர் வியாபாரி ஸெய்னுதீன் லோஞ்சியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அங்கால எலி திண்ட நெல்லு, இங்கால பாண் கியூ! நம்மட நெல்லை நாம விக்க ஏலாது. கப்பல்ல வாற அரிசிக்கு மட்டும் காசு எங்கால வருகுது? வாசலைப் பூட்டினா சனம் கூரையைப் பிரிச்சுக் கொண்டுதான் போகும். கள்ளனைப் படைக்கிறது கவுண்மேந்து!"

"மெதுவாக் கதையுங்க காக்கா, ஜெட்டி வருகுது" என்று யாரோ சிரித்தார்கள்.

கமலாதேவிக்குப் பக்கத்தில் றஹ்மா என்ற கிண்ணியாப் பெண் இருந்தாள். ஐந்தாறு பிள்ளை பெற்ற உடம்பு. "எத்தின மாசம் புள்ள?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல், உரிமையோடு வயிற்றில் கையை வைத்தாள்.

கை அப்படியே நின்றுவிட்டது. சீலைக்குக் கீழே மணிமணியாக நழுவியதை அவள் விரல்கள் கண்டுகொண்டன. கமலாதேவி கடலைப் பார்த்தாள். இதோ கத்தப்போகிறாள், முடிந்தது என்று நினைத்தாள். றஹ்மா அவள் முகத்தைப் பார்த்தாள். தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவள் மடிமேல் போட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "நல்லா ஆடுது. ஆம்புளப்புள்ளதான். அல்லாட காவல்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உனக்குப் புள்ள இல்லையா?"

"இல்லை."

"இதைக் கட்டிவிட்டவங்களுக்கு மனசும் இல்ல" என்றாள் றஹ்மா. கரை வரும்வரைக்கும் கமலாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

ஜெட்டியில் பொலிஸ் சாஜன் கதிரை எடுத்துப் போட்டார். அவர் தெற்கே காலி நகர்ப் பக்கத்துச் சிங்களவர். தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசுவார். மற்றவர்களுடைய பைகளை எல்லாம் கவிழ்த்துக் கொட்டியவர், அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அம்மா மெதுவா, மெதுவா. இனி வரவேணாம் இந்த லோஞ்சியில. என்ட நோனாவும் வாறது உங்கட வீட்டுக் கலியாணத்துக்கு. ரத்தினசிங்கம் மாத்தயா சொன்னது கட்டாயம் வரச்சொல்லி."

இதுதான் இரத்தினசிங்கத்தின் கெட்டித்தனம். பந்தியில் ஏது இவ்வளவு சம்பா என்று நாளைக்கு ஒருவர் கேட்கக்கூடாது. கேட்கக்கூடியவரையே பந்தியில் இருத்திவிட்டால் கதை முடிந்தது என்று கணக்குப் போட்டுச் சாஜனைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார். வயிற்றை மட்டும் மனுசன் மறந்துபோனார்.

கலியாணத்தன்று விடிந்ததிலிருந்து கமலாதேவி பின்வளவுக் கொட்டிலில் பானையடியில் நின்றாள். வயிறு தட்டையாக இருந்தது. "மாப்பிள்ளை வந்து இறங்கிற நேரத்தில முன்னுக்கு வந்து நிண்டுபோடாதை, பிள்ளை. நல்ல காரியம்" என்று மாமி காலையிலேயே சொல்லிவிட்டாள். கமலாதேவி சோறு வடித்தாள். அவள் வயிற்றில் வந்த அரிசி பூப்பூவாக மலர்ந்து கிடந்தது.

மாப்பிள்ளையின் கார் தெருமுனைக்கு வந்துவிட்டது என்று சத்தம் கேட்ட நேரம் பாக்கியரத்தினம் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"கட்டு! கெதியாக் கட்டு!"

"என்னத்தை மாமி?"

"வயித்தை! சாஜனும் பெண்சாதியும் வந்து நிக்கினம். பிள்ளைத்தாச்சிக்கெண்டு கொண்டைப் பணியாரம் சுட்டுக் கொண்டந்திருக்கிறாள். எங்கை அந்தப் பிள்ளை, எங்கை அந்தப் பிள்ளை எண்டு நிண்ட நிலையில நிக்கிறாள். முன்னமே வந்திறங்கின சம்பந்திப் பெண்டுகள் எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டாள்!"

நாலாம் சடங்குக்கென்று ஒதுக்கிவைத்த அரிசி பையிலேயே இருந்தது. மாமியே பின்னால் நின்று முடிந்தாள். அவசரத்தில் முடிச்சு இரண்டு முறை வழுவியது. கமலாதேவி கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். அவசரப்படவில்லை. ஒரு நல்ல சீலையை மாமியே தன் அலுமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள்.

முன்வாசலுக்கு அவள் வந்ததும் சாஜனின் மனைவி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாய் பந்தலடியில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"இப்பிடி ஒரு லட்சணமான மருமகளை உள்ளுக்கு ஒளிச்சு வச்சிருந்தனீங்களோ, சம்பந்தி? வேற ஆள் எதுக்கு? வயித்தில பிள்ளையோட நிக்கிறவள் ஆலாத்தி எடுத்தா என்ர பிள்ளையின்ர வம்சமும் தழைக்கும். குடுங்கோ தட்டை."

பாக்கியரத்தினத்தின் வாய் திறந்தது. இவள் மலடி என்று சொல்ல ஏலாது. சொன்னால் வயிற்றில் என்ன என்று சாஜன் கேட்பார். அரிசி என்று சொல்ல ஏலாது. சொன்னால் மகனின் உத்தியோகம் போய்விடும். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

குங்குமத் தண்ணித் தட்டைக் கமலாதேவி வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று மூன்று தரம் சுற்றினாள். எத்தனையோ வருஷமாகத் தனக்கு மறுக்கப்பட்ட காரியம் இவ்வளவுதானா என்று அவளுக்கு இருந்தது. ஒரு தட்டு, கொஞ்சம் சிவப்புத் தண்ணீர். இதற்காகவா அவ்வளவு அழுதோம் என்று முதன்முதலாக அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளுக்குப் பிடித்திருந்தது.

பந்தி பிரமாதம். சாஜன் இரண்டு தரம் சோறு வாங்கினார். மாப்பிள்ளை பகுதியார் வாழையிலையை வழித்துத் தின்றுவிட்டு, இந்தப் பஞ்சத்திலும் இப்படி ஒரு சம்பாவா என்று புகழ்ந்தார்கள். நாட்டின் கஷ்டத்தைப்பற்றியும், சனம் சிக்கனம் பழகவேண்டியதைப்பற்றியும் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றியிருந்து வெகுநேரம் பேசினார்கள். இரத்தினசிங்கம்தான் எல்லோரிலும் கூடப் பேசினார்.

பின்னேரம் எல்லோரும் போய்ச் சேர்ந்ததும் பாக்கியரத்தினம் கதிரையில் விழுந்தாள். மகனையும் மருமகளையும் கூப்பிட்டாள்.

"இனி ஊர் கேக்கும். அந்தச் சாஜன் பெண்சாதி பேறு பாக்கவே வந்து நிப்பாள். ரெண்டு கிழமை போகட்டும், விழுந்து போச்செண்டு சொல்லுவம்."

"அதுதான் நல்லது" என்றார் இரத்தினசிங்கம். மனைவியின் பக்கம் பார்க்கவில்லை. "அப்பிடிச் சொன்னா ஒருதரும் மேல கேக்க மாட்டினம்."

"மேல கேக்கமாட்டினம், இவளின்ர வயித்தில பிள்ளை தங்காதெண்டதையும் ஊர் விளங்கிக்கொள்ளும். பிறகு நாங்கள் என்ன செய்தாலும் ஆர் குறை சொல்லப்போகினம்?" என்றாள் மாமி. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். களைப்பிலும் அவளுக்கு அது திருப்தியாக இருந்தது.

கமலாதேவி முதுகுப் பக்கம் கையைவிட்டு முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பிடிச் சொல்லமாட்டன்" என்றாள்.

"என்ன?"

"என்ர வயித்தில விழுகிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. இல்லாத பிள்ளையை நான் சாகக் குடுக்கமாட்டன். என்னை ஊருக்கு அனுப்பிறதெண்டா நாளைக்கே அனுப்புங்கோ. ஜெட்டியில சாஜன் கேட்டா உள்ளதைச் சொல்லிப்போட்டு லோஞ்சி ஏறுவன்."

இரத்தினசிங்கத்தின் முகம் வெளுத்தது. "கமலா, என்ர வேலை..." என்று ஆரம்பித்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப பிள்ளை எங்கையெண்டு கேட்டா, நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று மாமி சீறினாள்.

முடிச்சு அவிழ்ந்தது. கமலாதேவி பையை உருவி எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், பாக்கியரத்தினத்தின் மடியில் வைத்தாள்.

"சம்பந்தி வீட்டார் திண்டிட்டினமெண்டு சொல்லுங்கோ, மாமி. இது மிச்சம்."