கடலில் மூழ்காத லௌஸ்ட்

ரக்னாவுக்கு வாய்த்த இரண்டு கல்யாணமும் நிலைக்கவில்லை. ஸ்கீவே ஊரில் முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்ற அவளுக்கு அது பெரிய குறையாகவும் படவில்லை. குறையாக்கிக் காட்டியவன் அவளுடைய பெரியப்பா மகன் தோர்கில்தான்.

எந்தக் குடும்ப விருந்தானாலும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். கொள்ளுத்தாத்தா லௌஸ்ட் மீன் பிடிக்கப் போய்ப் புயலில் மாண்டதையும், அவர் மனைவி ஆனே சாகும்வரை கறுப்பே உடுத்தியதையும் சொல்லிக் கண்கலங்குவான்.

"நம்ம குடும்பத்துல சாவு ஒண்ணுதான் புருஷன் பெண்டாட்டியப் பிரிக்கும். ரக்னா மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுடுவா!"

எல்லோரும் சிரிப்பார்கள். ரக்னாவும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பாள்.

தோர்கிலின் எழுபதாவது பிறந்தநாள் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி, பிறந்தநாள்காரர் மேல் புதிதாகப் பாட்டுக் கட்டி, தாளில் அச்சடித்து, விருந்தில் எல்லோருமாகப் பாட வேண்டும். அந்த வேலையை அவன் மனைவி போடில் ரக்னாவின் தலையில் கட்டினாள்.

"லௌஸ்ட் பத்தி நாலு வரி சேத்துடு. இல்லேன்னா மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது."

லௌஸ்ட் செத்த வருஷம் தெரியாமல் வரி எப்படி எழுதுவது? ரக்னா தேவாலயப் பதிவேடுகளைக் கணினியில் புரட்டினாள். மூழ்கியவர்கள் இருந்தார்கள், காய்ச்சலில் போனவர்கள் இருந்தார்கள், லௌஸ்ட் இல்லை. 1911 மக்கள்தொகைக் கணக்கில் ஆனே அகப்பட்டாள், மூன்று பிள்ளைகளோடு. பெயருக்குப் பக்கத்தில் விதவை என்பதற்கான எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து இருந்தது. கணவனைப் பிரிந்து வாழ்பவள் என்று அதற்குப் பொருள்.

ரக்னா அன்று இரண்டு காப்பி குடித்தாள். மறுநாள் ரயிலேறி வீபோர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டாள்.

"செத்தவங்க ஏட்டுல தேடினா எப்படிக் கிடைப்பார்?" என்றாள் அங்கே வேலை பார்த்த சோல்வை. "மாவட்ட ஆளுநர் அலுவலகக் கட்டுல பாருங்க. அந்தக் காலத்துல பிரிவுக்கு அனுமதி அவங்கதான் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி பாதிரியார் சமாதானம் பேசியிருப்பார். அந்தக் கடுதாசியும் கூடவே இருக்கும்."

இருந்தது. 1908-ம் வருஷக் கட்டில், பாதிரியாரின் பொடிக் கையெழுத்தில்.

சேர்ந்து வாழும்படி மூன்று முறை அறிவுரை சொன்னாராம். ஆனே சொன்னாளாம்: "அவரு நல்லவருதான் ஐயா. வேற வீட்டுல இருந்தா இன்னும் நல்லவரா இருப்பாரு." லௌஸ்டுக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி வருமாம். பிள்ளைகளிடம் என்ன சொல்வாய் என்று பாதிரியார் கேட்டதற்கு ஆனே, "கடல் பெரிசு. எதச் சொன்னாலும் தாங்கும்" என்றாளாம்.

ரக்னா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது. அடியில் ஆனேயின் கையெழுத்து நடுக்கமில்லாமல் நின்றது. ரக்னா குனிந்து அதை உற்றுப் பார்த்தாள். தன் முதல் விவாகரத்துத் தாளில் அவள் போட்ட கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து விவாகரத்தும் ஆகியிருந்தது. அப்போது லௌஸ்டின் முகவரி ஸ்துரூவர். ஸ்கீவேயிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். அந்த ஊர்ப் பதிவேடு மீதியைச் சொன்னது: தொப்பி தைக்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டு, தொப்பிக் கடை வைத்து, 1938-ல் படுக்கையில் நிம்மதியாகச் செத்திருக்கிறார்.

விருந்தன்று பாட்டுத்தாள் கைக்குக் கை போனது. எல்லோருக்கும் பழகிய மெட்டு. நாற்பது பேர் எழுந்து பாடினார்கள். தோர்கிலின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. மூன்றாவது சரணத்தையும் அதே வேகத்தில் எடுத்தான்:

"லௌஸ்ட் போனார், லௌஸ்ட் போனார், கடலுக்கா போனார்?
பக்கத்து ஊர்த் தொப்பிக் கடையில் முதலாளி ஆனார்!"

பாடி முடித்த பிறகுதான் பாடியது என்னவென்று உறைத்தது.

"இது என்ன கூத்து ரக்னா?"

அவள் மீன் தட்டை நகர்த்திவிட்டுக் கடிதத்தின் நகலை வைத்தாள். தோர்கில் படித்தான். கழுத்திலிருந்து சிவப்பு ஏறி வழுக்கை வரை போனது.

போடில் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "அப்ப உங்க குடும்பத்துல இதுக்கு வழி இருந்திருக்கு. முப்பத்தெட்டு வருஷமா யாருமே எங்கிட்ட சொல்லலையே!"

கூரை பிய்ந்துபோகும் அளவுக்குச் சிரிப்பு. தோர்கில் மட்டும் அன்று கோப்பையைத் தூக்கவில்லை.

நான்கு நாள் கழித்துத் தொலைபேசினான். குரலில் விறைப்பு இருந்தது.

"அந்தத் தொப்பிக்காரருக்குப் பிள்ளைங்க உண்டா?"

"நாலு பேரு. ஒரு பேத்தி இன்னமும் அதே தெருவுலதான் இருக்கா."

தோர்கில் தெருவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

"சனிக்கிழமை கார் எடுக்கறேன், நீயும் வா" என்றான். "என்ன சொல்லிக் கதவத் தட்டறதுன்னு எனக்குத் தெரியல. இந்த மாதிரி விஷயமெல்லாம் உனக்குத்தான் பழக்கம்."

"வரேன்" என்றாள் ரக்னா. "ஆனா கேக் நீ வாங்கணும். பெரிசா வாங்கு."