நடுக்கூடத்து மஞ்சள்

மாரண்டஹள்ளியில் ஒரு வீட்டுத் தரையால் இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் போய்விடக் கூடாது என்று தரை பாலிஷ் போடும் என்னைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் கண்ணம்மாள். மகன் நவநீதன், முப்பத்தைந்து வயது, தக்காளி விவசாயம், சொந்தமாக ஒரு மினி லாரி. அப்பா மாது ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். ராஜஸ்தானிலிருந்து காலி வண்டியாகத் திரும்ப மனமில்லாமல் மார்பிள் ஏற்றிக்கொண்டு வந்து தன் வீட்டுக்கே போட்டுவிட்டார். முப்பது வருடத் தரை. நல்ல கல். தக்காளி டிரே இழுத்த கீறல்கள், இரண்டு விரிசல், வாசலோரம் ஒரு உடைசல். இதெல்லாம் மெஷின் போட்டால் சரியாகிவிடும்.

பிரச்சினை கூடத்தின் நடுவில் இருந்தது. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு மஞ்சள் கறை.

"இது என்னங்கம்மா?"

"மஞ்சா மூட்டை, கண்ணு. ஐப்பசி மழையில குடோன் ஒழுகுதுன்னு மூட்டையைத் தூக்கியாந்து இங்க போட்டோம். அடியில நனைஞ்சிருந்தது தெரியல."

"அப்புறம் துடைச்சீங்களா?"

"இவன் ஆசிட் ஊத்தித் தேய்ச்சான்."

நவநீதன் மின்விசிறியைப் பார்த்தான்.

மார்பிளில் ஆசிட் ஊற்றினால் மேல் பளபளப்பு போய்விடும். கல் வாயைத் திறந்துகொள்ளும். மஞ்சள் நிம்மதியாக உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது.

முதலில் வீடு பார்க்க வந்தவர்கள் பாலக்கோட்டுக்காரர்கள். அதில் ஒரு பெரியவர் கறையைப் பார்த்தார். கூடத்தின் நடு. மாப்பிள்ளையை உட்கார வைத்து நலங்கு வைக்கும் இடம். "இங்க ஏற்கெனவே ஒரு நலங்கு நடந்திருக்குதே?" என்று கேட்டிருக்கிறார். மூட்டை என்று கண்ணம்மாள் சொல்லியிருக்கிறார். "மூட்டைக்கு யாருங்க நலங்கு வெப்பாங்க?" என்று எழுந்துவிட்டார்கள். சம்மதம் இருந்தால்தான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள். அன்றைக்குச் செய்த சாப்பாடு மொத்தமும் மீந்துபோனது.

இரண்டாவது கூட்டம் வந்தபோது கறைமேல் கம்பளம் விரித்திருந்தார்கள். ஒரு குழந்தை அதைச் சுருட்டி விளையாடியது. இந்தத் தடவை எதுவும் கேட்காமலே எழுந்தார்கள். மறைத்து வைத்தால் விஷயம் பெரிதுதான் என்று முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு கதை கிளம்பியது. நவநீதனுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, பெண் மூன்றே மாதத்தில் போய்விட்டாளாம். ஓசூரில் கம்பெனி வேலையாம். பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

"நல்ல பேரா வெச்சிருக்காங்க தலைவா," என்றான் நவநீதன். "எனக்கே அந்தப் பொண்ணை ஒரு தடவை பாக்கணும்போல இருக்குது."

"வாயை மூடுடா," என்றார் கண்ணம்மாள். "ஞாயித்துக்கிழமை பென்னாகரத்துக்காரங்க வர்றாங்க. இவங்களும் போயிட்டா அப்புறம் தக்காளியைத்தான் கட்டிக்கணும்."

"அந்த ஒரு கல்லை மட்டும் மாத்திடலாமா தலைவா?"

"பழசுக்கு நடுவுல புதுசு பளிச்சுனு தெரியும்," என்றேன்.

"வேணாஞ்சாமி. அப்புறம் கீழ எதையோ பொதைச்சிருக்காங்கன்னு சொல்வாங்க," என்ற கண்ணம்மாள், என்னைப் பார்த்தார். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சுங்க."

"பொண்டாட்டி என்னா பண்றா?"

மெஷினைப் போட்டேன்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது அந்தச் சத்தம். அது ஓடும்போது யாரும் எதுவும் கேட்க முடியாது. எம்.எஸ்சி. வேதியியல் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்றும் கேட்க முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரை வேலை எடுப்பேன். சேலம் பக்கம் எடுப்பதில்லை. சேலம் போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும்.

கரடுமுரடான பாலிஷ் கல்லில் ஆரம்பித்து, படிப்படியாக நைசான கல்லுக்குப் போக வேண்டும். தண்ணீர் ஊற்ற ஊற்ற தரையில் பால் மாதிரி ஓடும். கீறல்கள் போயின. விரிசலில் மார்பிள் தூளும் ரெசினும் கலந்து அடைத்தேன். உடைசலையும் அப்படியே. கறை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. தேய்த்த பிறகு சுற்றிலும் வெளுத்துவிட்டதால் அது முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

"என்னா தம்பி, பூ பூத்தாப்ல இருக்குது?" என்றார் கண்ணம்மாள்.

பெராக்சைடில் பவுடர் குழைத்து, கறைமேல் தோசைமாவு மாதிரி பூசி, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிட்டுப் போனேன். மறுநாள் எடுத்தால் பாதி வெளுத்திருந்தது. இன்னொரு தடவை பூசினேன். அதற்கு மேல் அசையவில்லை.

குனிந்து பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. கறையின் மூன்று பக்கமும் கோணல்மாணல். வாசல் பக்கம் மட்டும் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் நேராக நின்றிருந்தது. கதவு வழியாக வரும் வெயில் அந்தக் கோடு வரைதான் வரும்.

"வெயில்ல மஞ்சள் போயிடுங்கம்மா. அந்தப் பக்கம் போயிருக்குது பாருங்க."

"இது தெரியாதா? மஞ்சா பட்ட சேலையைக் கொடில போட்டா ரெண்டு நாள்ல வெளுத்துடும். தரையை எந்தக் கொடில போடறது?"

நவநீதன் வெளியே போனான். ஸ்பானர் சத்தம் கேட்டது. மினி லாரியின் பக்கக் கண்ணாடியோடு வந்து வாசலில் நின்று அப்படியும் இப்படியும் திருப்பினான். கூடத்தின் நடுவில், சரியாகக் கறைமேல், சப்பாத்தி அளவுக்கு வெயில் விழுந்தது.

ஒரு சப்பாத்தி போதாது. பீரோவிலிருந்து கண்ணாடிக் கதவு கழன்றது. பக்கத்து வீட்டு டிரெஸ்ஸிங் டேபிள் வந்தது. சலூன்காரர் அர்ச்சுனன் தன் கடைக் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடி இல்லாமல் கடையைத் திறந்து என்ன செய்வது, அதனால் அவரும் உட்கார்ந்துவிட்டார். வரிசையாக ஸ்டூல் போட்டோம். வெயில் நகர நகர எல்லோரும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

"லெஃப்ட்ல வா, லெஃப்ட்ல வா," என்று நவநீதன் லாரி கிளீனர் மாதிரி கத்தினான்.

"டேய், என் கண்ணுல அடிக்குதுடா," என்றார் அர்ச்சுனன்.

"கண்ணு வெளுத்துடும்ணா, பொறுத்துக்கங்க."

மாது இதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர் வந்து வேலியோரம் நின்றார். கட்டம் போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா வேடிக்கை?" என்றார் கண்ணம்மாள். "சும்மா நிக்கறதுக்கு இதைப் புடி."

கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் திணித்து என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். அவரும் மறுக்கவில்லை. ஹெல்மெட்டைக் காலடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க வந்தீங்க?" என்று அர்ச்சுனன் கேட்டார்.

"ஆடு ஒண்ணு பாக்கலாம்னுங்க."

"இந்தத் தெருவுல யார்கிட்டயும் ஆடே இல்லையே."

"அதான் பாத்துட்டு இருக்கேன்."

கண்ணாடி எதற்கு என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆளாளுக்குச் சொன்னார்கள். மூட்டை, மழை, ஆசிட், கம்பளம், ஓசூர் கம்பெனிப் பெண் எல்லாம் வந்தது. அவர் சிரித்தார். போனை எடுத்து எல்லோரையும் ஒரு போட்டோ எடுத்தார். பிறகு கண்ணம்மாள் டீ போட உள்ளே போன நேரத்தில் என் பக்கம் சாய்ந்தார்.

"நிசமா அந்தப் பையனுக்கு முன்னாடி கல்யாணம் ஆகலையா?"

"ஆகலைங்க."

"நீங்க வேலைக்கு வந்த ஆளு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நவநீதனைப் பார்த்தேன். லாரிக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தை வேண்டுமென்றே அர்ச்சுனனின் வழுக்கையில் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சட்டை போடுவது என்று காலையிலிருந்து மூன்று பேரிடம் கேட்டுவிட்டான்.

"எனக்கு ஆச்சுங்க," என்றேன். "அவ போன வருஷம் தொப்பூர் ஆக்சிடென்ட்ல போயிட்டா. ஒரு தடவை கட்டி இழந்தவன் இன்னொரு ஞாயித்துக்கிழமைக்கு இப்படிக் குதிக்க மாட்டான்."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமும்.

அவர் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. "உங்க வெளிச்சம் செவுத்துக்குப் போவுது பாருங்க," என்றார். பார்த்தேன். போயிருந்தது. சரிசெய்தேன். அவருடைய வெளிச்சமும் கறையை விட்டு நகர்ந்துபோய் வெகுநேரமாகியிருந்ததை அப்போது இருவருமே கவனிக்கவில்லை.

சாயங்காலம் டீ குடித்துவிட்டுப் போனார். ஆடு பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை மதியம் மேகம் கட்டிக்கொண்டது. அதற்கு மேல் காத்திருக்க முடியாது. கடைசி பாலிஷ் போட்டேன். தரையில் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. மின்விசிறி தெரிந்தது. கறை இருந்த இடத்தில் ஒரு பாதம் அளவுக்கு மட்டும் வெளிறிய மஞ்சள் மிச்சமிருந்தது. தெரியாதவர்களுக்குத் தெரியாது. தேடி வருகிறவர்களுக்குத் தெரியும்.

"நாளைக்கு நீயும் வந்துடு சாமி," என்றார் கண்ணம்மாள். "யாராவது கேட்டா, கல்லைப் பத்தி நீ சொன்னா நம்புவாங்க."

ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்தார்கள். முதலில் இறங்கியவர் மாதம்மாள். பெண்ணின் அத்தை. செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் தரைக்கு வந்துவிட்டது. கடைசியாக இறங்கியவரைப் பார்த்ததும் கண்ணம்மாள் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு தளும்பியது.

கட்டம் போட்ட சட்டை இல்லை. வெள்ளைச் சட்டை. ஆனால் அதே ஆள்தான்.

"இவரு பச்சியப்பன். பொண்ணுக்குத் தாய்மாமன்," என்று அறிமுகம் செய்தார்கள்.

"தெய்வமே," என்று கண்ணம்மாள் என் காதில் சொன்னார். "விசாரிக்க வந்தவனையா கண்ணாடி புடிக்க வெச்சேன்?"

பச்சியப்பன் எங்கள் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே வந்தார். தரையை ஒரு பார்வை பார்த்தார். நேராக நடுக்கூடத்துக்குப் போய், அந்த மிச்சத்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சேர்ல உக்காருங்க மாமா," என்றான் நவநீதன்.

"கீழதான் எனக்கு வசதி."

மாதம்மாள் உட்காரவில்லை. சுவரோரமாக ஒரு சுற்று வந்தார். விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். ஜன்னலோரம் குனிந்தார். பிறகு கூடத்தின் நடுவுக்கு வந்தார்.

"இங்க என்னமோ மஞ்சா கறை இருக்குதுன்னு கேள்விப்பட்டேனே?"

நவநீதன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"எங்கக்கா?" என்றார் பச்சியப்பன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நீ கொஞ்சம் எந்திரி."

"பசிக்குதுக்கா. மொதல்ல எலையைப் போடச் சொல்லுங்க."

தாய்மாமனே இலை கேட்டுவிட்டார்.

"நாம இன்னும் ஒண்ணும் பேசவே இல்லையே, பச்சி."

"சாப்புட்டுப் பேசலாம். நான் விசாரிச்சிட்டேன்."

"யார்கிட்ட?"

"விவரம் தெரிஞ்ச ஆளுகிட்டதான்," என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

கண்ணம்மாள் அதற்குள் சமையலறையில் இருந்தார். இலை வந்தது. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். மாதம்மாளும் உட்கார்ந்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டு வாங்கினார். மாது வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

சாப்பிட்டு எல்லோரும் கை கழுவிவிட்டார்கள். இலைகளை எடுத்துவிட்டார்கள். பச்சியப்பன் மட்டும் எச்சில் கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிப்பா. இன்னும் பசியா?" என்றார் மாதம்மாள்.

"காலு மரத்துப்போச்சுக்கா."

நவநீதனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தூக்கும்போது அவர் நவநீதனிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் போட்டோவை நம்ம பொண்ணு யுவராணிக்கு அன்னிக்கே அனுப்பிட்டேன். லாரிக் கண்ணாடியோட இருக்கறது யாருன்னு மட்டும் கேட்டா."

நவநீதன் கையை விட்டுவிட்டான். முழு எடையும் என்மேல் வந்தது. சமாளித்து அவரை நிமிர்த்தி நிறுத்தி, அவர் நகர்ந்த அதே நொடியில் என் வலது காலை அந்த இடத்தில் வைத்தேன். மஞ்சள் என் பாதத்துக்குள் அடங்கியது.

வெற்றிலைத் தட்டு வந்தது. காலண்டரை எடுத்து வந்தார்கள். சித்திரையா வைகாசியா என்று பேச்சு தொடங்கியது.

"யாருப்பா நீ, தூணாட்டம் நிக்கற?" என்றார் மாதம்மாள்.

"தரை வேலைக்கு வந்தவன்ங்க."

"வேலைதான் முடிஞ்சுபோச்சே. போய் எலையில உக்காரு."

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க."

கை கழுவப் போன பச்சியப்பன் திரும்பி என் காலைப் பார்த்தார். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

வைகாசி என்று முடிவாகும் வரை அங்கேயே நின்றேன். காலுக்குக் கீழே கல் ஜில்லென்று இருந்தது.