பாட்டுக்குள் என் கைத்தட்டல்

பக்கவாதம் வந்த பிறகு என் கணவரின் வலது கால் யார் சொல்லியும் கேட்கவில்லை. இன்று பிசியோதெரபிப் பெண், அவர் இசையமைத்த பாட்டைக் கைப்பேசியில் போட்டதும் குதிகால் தரையை விட்டு எழும்பியது.

"பாத்தீங்களாம்மா! சாரோட கால் டான்ஸுக்கே தயார்," என்றாள். "என் கல்யாணத்துல இதுக்கு ஆடித்தான் எனக்கு இடுப்பு பிடிச்சுது. மாமியாரே முட்டிவலிய மறந்து எழுந்துட்டாங்க. அப்படி என்னதான் சார் வச்சீங்க அதுல?"

அவர் கோணிய வாயால் சிரித்தார். பதில் எனக்குத் தெரியும். டிரம்ஸ்காரர் வராத அன்று, எதிரொலி வேண்டுமென்று என்னைக் குளியலறையில் நிறுத்திக் கைதட்ட வைத்தார். நான் தாளத்தை மயிரிழை முந்தினேன். திட்டிக்கொண்டே பதிவு செய்தார். அந்த அவசரம்தான் உட்கார்ந்திருப்பவர்களையும் ஆட வைக்கிறது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். பாட்டு ஊரெல்லாம் ஒலித்த பிறகு ஒருநாள், தன் குழுவில் பாடிய ஒருத்தியை நினைத்து அதற்கு மெட்டுப் போட்டதாக அவரே சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

அன்றிலிருந்து அந்தப் பாட்டு ஒலிக்கும் இடத்தில் நான் நிற்பதில்லை. அழுகையோ கோபமோ வருவதில்லை. எழுந்து போய்விடுவேன், அவ்வளவுதான். இன்றும் எழுந்துவிட்டேன்.

"ஃபோன் சத்தம் பத்தல. நீங்களும் தட்டுங்கம்மா," என்றவள், என் காதருகே குனிந்தாள். "இப்ப அடியெடுத்து வைக்கலைன்னா அப்புறம் சக்கர நாற்காலிதான்."

யோசித்தேன் என்று சொன்னால் பொய். கைகள் தாமாக மேலே வந்தன. அவர் நடைப்பயிற்சிக்கான இருபக்கக் கம்பிகளைப் பிடித்தபடி காலை இழுத்தார், தூக்கினார், வைத்தார்.

"ராஜா நடை சார்!"

நடுவில் யாரோ அவள் கைப்பேசிக்கு அழைக்க, பாட்டு நின்றது. அவர் நிற்கவில்லை. என் கைச்சத்தத்திலேயே கம்பியின் முனைவரை போய்விட்டார்.

"பாட்டே வேண்டாம் போலிருக்கே! சந்தோஷமாம்மா?"

உள்ளங்கைகள் சிவந்திருந்தன. துவைக்கப்போகும் சட்டையின் பையைத் துழாவுவதுபோல எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

அவர் மெல்லத் திரும்பி நின்றார். "தட்... தட்டு," என்றார்.

"போதும், உக்காருங்களேன்."

தலையாட்டி மறுத்தார். கம்பியைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கத் தொடங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா?" என்றாள் அந்தப் பெண்.

தட்டினேன்.